கரி என்றால் சாட்சி

இருபத்தாறு நாள்.
அதற்கு மேல் ஒரு கரிக்கட்டை இந்தத் தொட்டியில் தாங்காது.
ஒரு டன்னுக்கு மேல் எடை,
ஃபிரிட்ஜைக் கிடத்தி வைத்த அளவு,
நார்வேயிலிருந்து கப்பலேறி வருகிறது.
உள்ளே இறங்கும்போது மழுங்காத விளிம்பு;
வெளியே வரும்போது நாய் மென்ற எலும்பு.

ஹால்பெரா இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டுகிறாள்,
கிழக்கு ஐஸ்லாந்தில், கடல் உள்ளே நுழைந்து முடிகிற இடத்தில்.
கைக்கடிகாரத்தை லாக்கரில் கழற்றி வைத்துவிட வேண்டும்,
வங்கி அட்டையையும்.
தொட்டிகளில் பாயும் மின்சாரத்தின் காந்தம்
முள்ளை நிறுத்திவிடும்.
சட்டைப்பையில் மறந்துபோன காகிதக் கிளிப்
எழுந்து நின்று திசை காட்டும்.

மற்ற உலோகங்களிடம் கரி வழிப்பறிக்காரன்.
செம்போ, ஈயமோ, தகரமோ, இரும்போ,
சூடு மட்டும் கொடுத்தால் போதும்.
ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு
புகைபோக்கி வழியாக ஏறித் தப்பிவிடும்.
உலோகம் அம்மணமாக நிற்கும், பளபளத்துக்கொண்டு.

அலுமினியத்திடம் அது பலிக்கவில்லை.
எந்த உலையை ஊதினாலும் உடும்புப்பிடி.
அதனால்தான் மலைக்கு மேலே ஓர் ஆற்றை மறித்து,
வாத்துகள் கூடு கட்டிய பள்ளத்தாக்கை மூழ்கடித்து,
தண்ணீர் விழும் விழுகையைக் கம்பியில் கொண்டுவந்து
அந்தப் பிடியைத் தளர்த்துகிறார்கள்.
விடுபட்ட ஆக்சிஜன் நேரே வந்து ஏறுவது
யார் தலையில் என்று நினைக்கிறாய்?
பறிக்கத் தெரியாத இடத்தில்
பறிபோவதும் கரிதான்.

ஜூன் மாதம் கம்பெனி
ஆளுக்கு இருபது பிர்ச் நாற்று கொடுத்தது.
ஹால்பெராவுக்கு மாடிவீடு. அண்ணி ஸ்டெய்ன்வோரின்
சரிவில் போய்க் குழி தோண்டினாள்.
முதலில் மண். பிறகு எரிமலை விட்டுப்போன
வெளிறிய சாம்பல் கோடு.
அதற்குக் கீழே ஒரு சாண் கறுப்பு.

'கரிக்குழி' என்றாள் ஸ்டெய்ன்வோர், மண்வெட்டியில் சாய்ந்தபடி.
'இங்கே ஏன் மரமே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்களே, இதுதான்.'
படகில் வந்து குடியேறியவர்கள்
பிர்ச்சைச் சுட்டுச் சதுப்புத் துருவில் இரும்பு வடித்தார்கள்.
ஆட்டுக்குப் புல், புல்லுக்கு அரிவாள்,
அரிவாளுக்கு இரும்பு, இரும்புக்குக் கரி,
கரிக்கு மரம்.
மரம் மறுபடி துளிர்த்தால் அதை ஆடு தின்றது.

ஒரு துண்டை உடைத்துப் பார்த்தாள் ஹால்பெரா.
வளையங்கள் அப்படியே இருந்தன. முப்பத்தொன்று.
அதற்கப்புறம் கோடரி.

ஆயிரம் ஆண்டு! சுற்றிலும் மண்ணுக்குள் காற்று,
காற்றுக்குள் அது ஏங்கும் அதே வாயு.
ஒரு விரல் நீட்டவில்லை.
குளிரில் கரிக்கு எந்த ஆசையும் இல்லை.
என் மொழியின் பழைய ஏடுகளில்
கரி என்றால் சாட்சி.
யானையும்தான்; யானையை இப்போது விடு.

அன்றிரவு தேய்ந்த கட்டை ஒன்றைத்
தூக்கித் தட்டில் வைத்தபோது
அதன் வயிறு செக்கச்செவேல் என்றிருந்தது.
கிரேனை நிறுத்தி இறங்கினாள். விதிப்படி இறங்கக் கூடாது.
பையிலிருந்த துண்டை இடுக்கியால் அதன் மேல் வைத்தாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஓர் ஓரம் கனிந்தது. நீலமாய் ஒரு நாக்கு.
கடைசி ஆண்டு முதலில் போனது,
அப்புறம் அதற்கு முந்தைய ஆண்டு,
அப்படியே உள்ளே உள்ளே,
மரம் நாற்றாக இருந்த கோடை வரைக்கும்.

எவ்வளவு நேரம் எடுத்தது என்று
காலையில் ஸ்டெய்ன்வோர் ஃபோனில் கேட்டாள்.
கடிகாரம் லாக்கரில் அல்லவா இருந்தது.
பேச்சை மாற்றி, நாற்றெல்லாம் எப்படி என்றாள் ஹால்பெரா.
'ஆடு' என்றாள் அண்ணி.